கோர்ட் ஓரம்: பத்து வருஷம் எதற்காக ஆடினார்?

சென்ற இதழில் ஆண்ட்ரே இங்ரம் என்ற கூடைப்பந்து வீரரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அமெரிக்காவின் ‘ஜி லீக்’ என்ற சின்ன லீகில் பத்து வருஷம் ஆடிவிட்டு, 2018 ஏப்ரலில், 32 வயதில், காதோர நரையோடு முதன்முறையாக என்.பி.ஏ. என்கிற அமெரிக்காவின் தலைமை லீகின் களத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் சட்டையோடு இறங்கியவர். அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை எல்லாக் கேள்வியும் அந்தச் சின்ன லீக் பற்றியே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜி லீக், ஜி லீக் என்கிறீர்களே, அது நம்ம ரஞ்சி டிராபி மாதிரியா?
– வாசகர், காரைக்குடி

பாதி சரி. அங்கே நன்றாக ஆடினால் மேலே கூப்பிடுவார்கள், அந்த வரைக்கும் ரஞ்சி மாதிரிதான். ஆனால் ரஞ்சிக்கு ஒரு மாநிலத்தின் பெயரும் தொண்ணூறு வருஷப் பெருமையும் இருக்கின்றன. ஜி லீக் என்பது என்.பி.ஏ. தனக்காகத் தானே போட்டுக்கொண்ட நாற்றங்கால். 2001ல் 8 அணிகளோடு ஆரம்பித்தது. ஹன்ட்ஸ்வில், ஆஷ்வில், மொபீல், ரோனோக் என்று எல்லாம் தென்கிழக்கு மாநிலங்களின் நடுத்தர ஊர்கள். 2005லிருந்து டி லீக் என்றார்கள். 2017ல் கேட்டரேட் பானக் கம்பெனியின் பெயர் சேர்ந்து ஜி லீக் ஆனது. இப்போது 31 அணிகள். முப்பது என்.பி.ஏ. அணிக்கும் ஆளுக்கு ஒன்று, கூடுதலாக மெக்சிகோ சிட்டியில் ஒன்று.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எனக்கே அது அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற என்.பி.ஏ. அணியின் ஜி லீக் அணி மெய்ன் செல்டிக்ஸ். அதில் ஆடுகிற பையனை பாஸ்டன் மட்டும்தான் எடுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. சாதாரண ஜி லீக் வீரரின் ஒப்பந்தம் லீகோடுதான். முப்பது அணியில் எது வேண்டுமானாலும் அவரைக் கூப்பிடலாம். ஆக, அவர் ஒவ்வொரு ராத்திரியும் தன் அணிக்காக ஆடுகிறார், கூடவே கண்ணுக்குத் தெரியாத முப்பது பேர் முன்னால் வேலைக்கான நேர்காணலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்வது லேசில்லை. பந்தைச் சகாவுக்குக் கொடுத்தால் அணி ஜெயிக்கும், தானே போட்டால் தன் பெயருக்குப் புள்ளி ஏறும். ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

2017லிருந்து ‘டூ வே’ என்று ஒரு ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவர் அந்த ஒரு என்.பி.ஏ. அணிக்கே சொந்தம், மேலேயும் கீழேயும் போய் வருவார். முதலில் அணிக்கு இரண்டு பேர், 2023லிருந்து மூன்று பேர். சம்பளம், என்.பி.ஏ.யில் புதிதாகச் சேர்கிறவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி. அதுவே மற்ற ஜி லீக் வீரர்களுக்குக் கனவு மாதிரியான தொகை.

இங்ரம் அவ்வளவு நல்ல வீரர் என்றால் பத்து வருஷம் ஏன் யாரும் எடுக்கவில்லை? அந்தச் சம்பளத்தில் குடும்பம் எப்படி நடந்தது? எதற்காக ஆடிக்கொண்டே இருந்தார்?
– வாசகர், சேலம்

மூன்றையும் ஒன்றாகக் கேட்டுவிட்டீர்கள், நானும் சேர்த்தே சொல்கிறேன்.

வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பக்கத்துக்காரர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டே ஆடினார். 2007ல் பட்டம். புது வீரர்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுக்கிற என்.பி.ஏ. தேர்வில் இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. சின்ன லீக் தேர்வில் யூட்டா ஃபிளாஷ் என்ற அணி, அதுவும் ஏழாவது சுற்றில், எடுத்தது. ஏழாவது சுற்று என்றால் பந்தியில் கடைசி இலை. அங்கே சில வருஷம். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் டி-ஃபெண்டர்ஸ். அதுதான் பின்னால் சவுத் பே லேக்கர்ஸ் என்று பெயர் மாறியது. நடுவில் ஆஸ்திரேலியாவின் பெர்த் அணியில் கொஞ்ச காலம். 2018ல் மேலே அழைப்பு வந்தபோது அவர் சின்ன லீகில் 384 ஆட்டம் ஆடியிருந்தார். தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து 713 முறை மூன்று புள்ளி போட்டிருந்தார். அந்த லீகின் வரலாற்றிலேயே அதிகம்.

யாரும் ஏன் எடுக்கவில்லை? அவர் உயரம் ஆறடி மூன்று அங்குலம். நம் ஊரில் வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். அங்கே, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டுக்கான உயரம். இங்ரம் பாயிண்ட் கார்டு இல்லை. தூரத்திலிருந்து எறிகிறவர். அந்த இடத்துக்கு ஆறடி ஆறு, ஏழு அங்குலத்தில் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். என்.பி.ஏ.யில் மொத்தமே 450 நிரந்தர இடம். அதில் பதினைந்தாவது ஆளாக யாரை வைப்பது என்று யோசிக்கிற மேலாளர், முப்பது வயதில் என்ன செய்வார் என்று நன்றாகத் தெரிந்தவரை விட, இருபத்திரண்டு வயதில் என்ன ஆவான் என்று தெரியாதவனைத்தான் எடுப்பார். இங்ரமின் திறமையில் குறை இல்லை. அவரைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததுதான் குறையாகப் போனது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

சம்பளம். 2017-18 பருவத்தில் அவருக்கு ஜி லீகில் கிடைத்தது சுமார் 19,000 டாலர். அன்றைய மதிப்பில் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. தங்க இடமும் மருத்துவக் காப்பீடும் அணி தரும். ஆனால் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நம் ஊர்க் கணக்கில் பன்னிரண்டு லட்சம் பெரிதாகத் தெரியலாம், அமெரிக்காவில் நான்கு பேர் குடும்பத்துக்கு அது இழுத்துப் பிடிக்கிற பணம். அதனால் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். காலையில் பயிற்சி, பிறகு அல்ஜீப்ரா.

2018 ஏப்ரல் 9. பருவம் முடிந்துவிட்டது. வழக்கமான வழியனுப்புச் சந்திப்பு என்று சொல்லி லேக்கர்ஸ் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே லேக்கர்ஸின் பழைய நட்சத்திரம், அப்போதைய அணி நிர்வாகத் தலைவர் மேஜிக் ஜான்சன் உட்கார்ந்திருந்தார். பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டத்துக்கு எங்களோடு ஆடு என்றார். இது ஒரு விசுவாசமான உழைப்பாளிக்கு அணி கொடுத்த பரிசு, அதை மறைக்க வேண்டியதில்லை. லேக்கர்ஸ் அந்த வருஷம் பிளே-ஆஃப் போட்டியில் இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் பரிசாகக் கொடுத்ததை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்று பாருங்கள். மறுநாள் ராத்திரி ஹூஸ்டன் ராக்கெட்ஸ், எதிரே அதன் நட்சத்திரங்கள் ஜேம்ஸ் ஹார்டன், கிறிஸ் பால். முதல் எறிதலே மூன்று புள்ளி. மொத்தம் எட்டு எறிந்து ஆறு விழுந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஐந்துக்கு நான்கு. 19 புள்ளி. அரங்கம் முழுக்க எழுந்து ‘எம்.வி.பி., எம்.வி.பி.’ (மிகச் சிறந்த வீரர்) என்று கத்தியது. ஆட்டம் 105-99 என்று தோல்வி, ஆனால் அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 13,824 டாலர். பல மாதம் ஆடி வாங்கியதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, இரண்டே ராத்திரியில்.

எதற்காக ஆடிக்கொண்டே இருந்தார்? அந்த இரண்டு ராத்திரிக்காக என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வருஷம் அவர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிந்த நூற்றில் நாற்பத்தேழு விழுந்தது. யாரோ பார்ப்பார்கள் என்று மட்டும் ஆடுகிறவனுக்கு பத்தாவது வருஷத்தில் அந்தக் கை வராது. கசந்துபோயிருக்கும், தோள் இறுகியிருக்கும். அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பந்து கையை விட்டுப் போகும்போதே விழும் என்று தெரிகிற அந்தக் கணம் ஐம்பது பேர் பார்த்தாலும் பதினெட்டாயிரம் பேர் பார்த்தாலும் ஒன்றுதான். நான் ஒரு வங்கி அணிக்குப் பல வருஷம் ஆடியவன். மே மாத வெயில் தணிந்து ராத்திரி எட்டு மணிக்கு, ஊர்ப் போட்டிகளில், டியூப் லைட் வெளிச்சத்தில், மண் கோர்ட்டில் அதை அனுபவித்திருக்கிறேன்.

2019 மார்ச்சில் லேக்கர்ஸ் மறுபடி பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. 2020ல் ஜி லீக் வீரர்கள் தங்களுக்கு முதன்முதலாகத் தொழிற்சங்கம் அமைத்தபோது தலைவராக இங்ரமைத்தான் வைத்தார்கள். என் கணக்கில் அந்த 19 புள்ளியைவிட இது பெரிது. மேலே போய்த் தலை காட்டியவர், கீழே இருக்கிறவர்களின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பேச வந்தார்.

இந்த வீரர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி? தனி விமானம், ஐந்து நட்சத்திர ஹோட்டல் எல்லாம் உண்டா?
– வாசகி, புதுச்சேரி

அதெல்லாம் என்.பி.ஏ.வில், அம்மா.

என் மகள் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் செவிலியாக இருக்கிறாள். 2023 நவம்பரிலிருந்து மறு ஏப்ரல் வரை அவள் வீட்டில் இருந்தேன். வெளியே பனி, உள்ளே ஹீட்டர், பேச ஆளில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே மெய்ன் செல்டிக்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தாள். ஆடுமிடத்தை எக்ஸ்போ என்பார்கள். நூறு வயது தாண்டிய செங்கல் கட்டடம். மூவாயிரம் பேர் உட்காரலாம். நம் நேரு ஸ்டேடியத்தின் உள்ளரங்கில் பாதிகூட இருக்காது. கோர்ட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததால் ஷூ தேய்கிற சத்தமும், பயிற்சியாளர் திட்டுகிற வார்த்தையும், ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்புகிற பந்துக்கு, இருவர் மோதும்போது எழும் மூச்சும் கேட்கும். முதல் நாளே எனக்கு முப்பது வயது குறைந்துவிட்டது.

அன்று வீரர் பட்டியல் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதை மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொண்டுபோனேன். ஒருவர் போனால் பேனாவால் அடிப்பேன், புதியவர் வந்தால் ஓரத்தில் எழுதுவேன். ஒருவரை மேலே கூப்பிட்டார்கள், ஒருவருக்கு முழங்கால், ஒருவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், ஒருவரை விட்டுவிட்டார்கள். மார்ச்சில் அந்தத் தாளில் அச்செழுத்தைவிட என் கையெழுத்துதான் அதிகம். அந்த அணி அந்த வருஷம் இறுதிப் போட்டி வரை போய் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவிடம் தோற்றது. இத்தனை பேர் வந்து போயும் ஒரு அணியாக ஆடினார்களே, அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பயணம் சாதாரணப் பயணிகள் விமானத்தில்தான். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, காலின் வீக்கத்துக்கு ஐஸ் கட்டி, விடிகாலை முதல் விமானத்தில் நடு இருக்கையில் ஆறடி எட்டு அங்குல உடம்பை மடக்கி வைக்க வேண்டும். போர்ட்லாந்து மாதிரி ஊரிலிருந்து நேர் விமானம் குறைவு, நடுவில் இறங்கி மாறணும். தங்குவது அணி எடுத்துக் கொடுக்கும் அடுக்குமாடி வீட்டில்.

ஒரு நாள் மளிகைக் கடையில் அந்த அணிப் பையன் ஒருவன் கூடையில் முட்டையும் அரிசியும் போட்டுக்கொண்டிருந்தான். மகள் போய்ப் பேச்சுக் கொடுத்தாள். நான் இந்தியாவில் ஆடியவன் என்றதும் என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தான். வளைந்து கோணியிருக்கிற சுண்டு விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் மோதிர விரலைக் காட்டினான், அதே கோணல். நான்கு வருஷத்தில் நான்காவது நகரம் என்றான். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார்களாம். வெளிநாட்டுக்குப் போனால் இதைவிட இரண்டு மூன்று மடங்கு சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் தூரப் போய்விட்டால் இங்கே மறந்துவிடுவார்களே என்றான். துருக்கி, சீனா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று பல நாட்டு லீகுகள் அமெரிக்க வீரர்களை எடுக்கின்றன. பணமா, பக்கத்தில் இருப்பதா என்ற கேள்வி அந்த வயதுப் பையன் ஒவ்வொருவனின் கோடையையும் தின்கிறது.

சம்பளம் இப்போது முன்னைக்குப் பரவாயில்லை. 2018-19 பருவத்தில் ஐந்து மாதத்துக்கு 35,000 டாலர் என்று உயர்த்தினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஜி லீகில் ஃப்ரீ த்ரோ ஒன்றுதான் தருவார்களாமே, உண்மையா?
– வாசகர், மதுரை

உண்மை. 2019-20 பருவத்திலிருந்து. எதிரணி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பதுதான் ஃப்ரீ த்ரோ. இரண்டு புள்ளிக்கானது என்றாலும் ஒரே எறிதல்தான், விழுந்தால் இரண்டு புள்ளியும் உங்களுக்கு. கடைசி இரண்டு நிமிஷத்திலும் கூடுதல் நேரத்திலும் மட்டும் பழைய முறை. ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. ஆனால் முதல் எறிதலில் தவறி, மூச்சை இழுத்து விட்டு இரண்டாவதைப் போடுகிற அந்தத் தைரியத்தைப் பார்க்க முடியாமல் போகிறதே என்று எனக்கு வருத்தம். புது விதிகளைப் பெரும்பாலும் என்.பி.ஏ. முதலில் இவர்களிடம்தான் சோதித்துப் பார்க்கும்.

பெண்களுக்கு இப்படி ஒரு சின்ன லீக் உண்டா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பெண்களின் என்.பி.ஏ.யான டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு இப்படிக் கீழ்ப்படி இல்லை. 2025ல் 13 அணி, அணிக்கு அதிகபட்சம் 12 பேர். கூட்டிப் பார்த்தால் 156 இடம். கல்லூரியில் பெயர் எடுத்த பெண்கள்கூடப் பயிற்சி முகாம் முடிகிற நாளில் பட்டியலில் இல்லாமல் நேரே துருக்கிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். தங்கி, கற்றுக்கொண்டு, மறுபடி முயல உள்நாட்டில் ஓர் இடம் வேண்டும். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. சென்னைப் பெண் அனிதா பால்துரை பல வருஷம் இந்திய அணியில் ஆடி, தலைமையும் தாங்கி, 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரை நிலைநிறுத்தியது ரயில்வே வேலை. நீங்கள் ஆடுகிறவர் என்றால் அந்த ரயில்வே தேர்வுகளை விடாமல் கவனியுங்கள்.

அங்கிருந்து போய்ப் பெரிய ஆள் ஆனவர்கள் யார்? ஆகாதவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
– வாசகர், திருச்சி

போனவர்கள் நிறைய. 2012 ஜனவரி 20, எரீ பேஹாக்ஸ் அணிக்காக மெய்ன் அணியை எதிர்த்து ஒரு பையன் 28 புள்ளி, 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட் (சகா புள்ளி எடுக்கக் கொடுத்த பந்து) எடுத்தான். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 4, நியூயார்க்கில் நெட்ஸ் அணிக்கு எதிராக 25 புள்ளி போட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தான். ஜெரமி லின். பாஸ்கல் சியாகம் 2017ல் சின்ன லீகின் இறுதிப் போட்டி நாயகன், 2019ல் டொரன்டோவோடு என்.பி.ஏ. சாம்பியன். அந்த டொரன்டோ அணியின் பயிற்சியாளர் நிக் நர்ஸும் அங்கிருந்து வந்தவர்தான், 2011ல் ஐயோவா அணிக்கும் 2013ல் ரியோ கிராண்டே வேலி அணிக்கும் சின்ன லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்.

ஆகாதவர்களில் எனக்குப் பிடித்தவர் ரான் ஹவர்ட். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் மேட் ஆன்ட்ஸ் என்று ஒரு அணி இருந்தது. பெயரைக் கேட்டால் ‘பைத்தியக்கார எறும்புகள்’. ‘மேட்’ ஆன்டனி வெய்ன் என்ற தளபதியின் பெயரில் அமைந்த ஊர், அதிலிருந்து வந்த பெயர். அந்த அணி 2007ல் தொடங்கியதிலிருந்து 2014 வரை ஹவர்ட் அங்கேதான். என்.பி.ஏ. பயிற்சி முகாம் வரை போய் வந்தார், ஒரு லீக் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஊர் அவரை ‘மிஸ்டர் மேட் ஆன்ட்’ என்றே கூப்பிட்டது. 2014ல் லீகின் சிறந்த வீரர் விருதை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு, அதே வருஷம் ஊருக்குக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். முப்பது வயதுக்கு மேல் அவர் உச்சத்துக்குப் போனார். அந்த உச்சத்தைப் பார்த்தது ஃபோர்ட் வெய்ன்காரர்கள் மட்டும். கொடுத்துவைத்தவர்கள்.

என் மகனுக்கு 17 வயது, ஆறடி மூன்று அங்குலம். மாவட்ட அணியில் ஆடுகிறான். பிளஸ் டூ முடித்ததும் படிப்பை விட்டுவிட்டு அமெரிக்கா போய் ஜி லீகில் ஆடப்போகிறேன் என்கிறான். உங்கள் கட்டுரையை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். இவன் அப்பாவுக்கும் இவனுக்கும் வீட்டில் பேச்சே இல்லை. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருக்கிறான் என்ற வரியால் எனக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது.

முதலில் அவனை யாரும் கேலி செய்யக் கூடாது, அப்பாவும்தான். நம் நாட்டுப் பையன்கள் அங்கே போயிருக்கிறார்கள். பஞ்சாபின் பல்லோ கே என்ற கிராமத்துச் சத்னாம் சிங்கை 2015ல் டல்லாஸ் அணி 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற ஜி லீக் அணியில் ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் கிடைக்கவில்லை. அம்ஜ்யோத் சிங் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவில் ஆடினார். பிரின்ஸ்பால் சிங், ஜி லீக் இக்னைட் அணியில். ஆனால் இவர்கள் உயரத்தையும் அவனிடம் சொல்லுங்கள். சத்னாம் ஏழடி இரண்டு. மற்ற இருவரும் ஆறடி எட்டு, அல்லது அதற்கும் மேல். உங்கள் மகனின் உயரம் இங்ரமின் உயரம். அந்த உயரத்துக்குக் கதவு எவ்வளவு ஒடுக்கம் என்று சேலம் வாசகருக்கு மேலே எழுதியிருக்கிறேன், அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

என் கட்டுரையில் அவன் கவனிக்காமல் விட்ட வரி ஒன்று இருக்கிறது. இங்ரம் இயற்பியல் பட்டதாரி. பத்து வருஷம் அவர் சின்ன லீகில் தாக்குப்பிடிக்க அந்தப் பட்டமும் டியூஷனும் கை கொடுத்தன. அமெரிக்காவில் ஆடுகிற ஆசைக்கு முறையான வழியும் கல்லூரிதான். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் இல்லாமல் எந்தக் கல்லூரி அணியும் அவனைச் சேர்க்க முடியாது. படிப்பை விட்டால் அந்தக் கதவை அவனே சாத்திக்கொள்கிறான்.

இன்னொன்று. பணம் கட்டினால் அமெரிக்க லீகில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். என்னிடம் பயின்ற ஒரு பையனின் வீட்டில் நகையை அடகு வைத்து அப்படி ஒருவரிடம் கொடுத்தார்கள். பையன் விசாவைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. ஜி லீக் அணிகளே நடத்துகிற திறந்த தேர்வு உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. ஜொனாதன் சிம்மன்ஸ் என்பவர் 2013ல் 150 டாலர் கட்டி ஆஸ்டினில் அப்படி ஒரு தேர்வில் நின்று, சின்ன லீகில் ஆடி, 2015ல் சான் அன்டோனியோவின் என்.பி.ஏ. அணிக்கே போனார். அந்த 150 டாலரோடு அவர் கொண்டுபோனது கல்லூரியில் ஆடிய வருஷங்களை.

நானும் இருபத்திரண்டு வயதில் இந்திய அணி முகாமுக்குப் போனேன். கடைசி நாள் காலை ஒட்டிய பட்டியலில் பெயர் இல்லை. ரயிலில் ஊர் வந்து சேரும்வரை ஷூவைக் கழற்றவில்லை. என் அப்பா ஸ்டேஷனுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் வங்கித் தேர்வு. அதில் கிடைத்த இடத்தில் மிச்ச ஆயுளுக்கும் ஆடினேன். அந்த இட்லியை இன்றைக்கும் நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

மகனுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளட்டும். தினமும் காலையில் மூன்று புள்ளிக் கோட்டின் ஐந்து இடத்திலிருந்து, இடத்துக்கு அறுபது, மொத்தம் 300 எறிதல். எந்த இடத்தில் எத்தனை விழுந்தது என்று எழுத வேண்டும். மழை பெய்தால் ‘மழை’ என்று எழுதட்டும். விழாத நாளில் எண்ணிக்கையைக் கூட்டி எழுதக் கூடாது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு என் பெயர் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவனுக்கே நேராகக் கடிதம் எழுதுகிறேன்.